கொடையாளர் எவரும் இல்லை

ராட்னி நல்ல பையன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் புவான். கடைசியில் எழுதினால் மனம் இளகி எழுதியதாக நீங்கள் நினைக்கக்கூடும்.

என் பெயர் சதாசிவம். ஜெலாப்பாங்கில் தரை ஓடு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தோட்டம் பத்து காஜாவுக்குப் பக்கத்தில் இருந்தது. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். பிறகு செம்பனையையும் வெட்டிவிட்டு வீடுகள் கட்டினார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களில் பலர் அந்த வீடுகளிலேயே குடியேறினோம். எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு, ஒரு மண்டபம் உண்டு. தலைவர் அப்பாவு. செயலாளர் நான். மண்டபத்துச் சாவி என்னிடம் இருக்கும்.

என் மனைவி விமலாவின் இரத்தம் ஓ நெகட்டிவ். நம் ஊரில் அரிதான வகை. எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. கரு ஒவ்வொரு முறை கலைந்தபோதும் அவள் உடம்பு வேறு வகை இரத்தத்தை எதிர்க்கக் கற்றுக்கொண்டுவிட்டதாக டாக்டர் சொன்னார். அதாவது, அவசரத்துக்குக்கூட அவளுக்கு வேறு இரத்தம் ஏற்ற முடியாது. அதனால்தான் அவள் ஒருநாள் சங்கக் கூட்டத்தில் எழுந்து, பேராக் மாநிலத்தில் இந்த மாதிரி இரத்தம் உள்ளவர்களையெல்லாம் ஒரே இடத்தில் பதிந்து வைத்தால் என்ன என்று கேட்டாள். கூட்டங்களில் அவள் பேசிய ஒரே தடவை அதுதான்.

நான் செய்கிறேன் என்று கை தூக்கினான் ராட்னி. எங்கள் லயத்தில் இருந்த லாரிக்காரர் பாஸ்கலின் மகன். ஈப்போவில் கணினி வேலை. அப்பா இறந்த பிறகு என்னை அப்பா இடத்தில் வைத்திருந்தான்.

அவன் செய்தது இதுதான். கைப்பேசியில் ஒரு பக்கம் திறக்கும். இரத்த வகையையும் ஊரையும் அதில் போட்டால், அருகில் இருக்கும் கொடையாளர்களின் பெயரும் எண்ணும் வரும். பக்கம் கோலாலம்பூரில் வாடகைக்கு எடுத்த ஒரு கணினியில் இருந்தது. பெயர்கள் இருந்த டேட்டாபேஸ் எங்கள் மண்டபத்து அலுவலக அறையில் ஒரு பழைய கணினியில் இருந்தது. இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கத்தான் ராட்னி விரும்பினான். அப்பாவு விடவில்லை.

"பொம்பளப் புள்ளைங்க நம்பரையெல்லாம் எவன் வீட்டுப் பெட்டியிலயோ வைக்கிறதா? நம்ம மண்டபத்துல பூட்டி வைலா."

"தலைவரே, அது என்ன தங்கச் சங்கிலியா, பூட்டி வைக்க?" என்றான் ராட்னி.

"சங்கிலி போனா வேற வாங்கிக்கலாம்டா. பேரு போனா?"

எல்லாரும் சிரித்தார்கள். பெட்டி மண்டபத்துக்கு வந்தது.

பக்கத்துக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் ஓடுவது ஒரு ஸ்கிரிப்ட். பைத்தான் என்ற மொழியில் எழுதிய சில வரிகள். பக்கம் கேட்பதை வாங்கிக்கொண்டு மண்டபத்துப் பெட்டியின் முகவரிக்குப் போகும். பயனர் பெயரையும் பாஸ்வர்டையும் சொல்லி உள்ளே நுழையும். கேட்கும். பதிலைக் கொண்டு வந்து பக்கத்தில் வைக்கும். ராட்னி இதை மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஆர்டர் எடுக்கும் ஆளை வைத்து விளக்குவான். நான் கங்காணியை வைத்துப் புரிந்துகொண்டேன். லயத்து ஆட்கள் துரையை நேரில் பார்த்ததே இல்லை. கங்காணி போவார், வருவார். அவர் வந்து சொல்வதுதான் துரையின் வார்த்தை.

விமலாவைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன். வயிற்றுப் புண் வெடித்து இரத்தம் போயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கையிருப்பில் இருந்த அந்த வகை இரத்தத்தை ஏற்றினார்கள், வேறு மாநிலத்துக்கும் சொல்லி அனுப்பினார்கள். தெரிந்தவர்கள் இருந்தால் கூப்பிடுங்கள் என்றும் சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்கு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். திரும்பும் வழியில் இடி ஆரம்பித்தது.

புவான், நீங்கள் ஈப்போ டவுனில் வளர்ந்தவர். லயத்தில் இடி இடித்தால் முதல் வேலை எல்லாப் பிளக்கையும் பிடுங்குவது. கண்ணாடியைத் துணியால் மூடுவோம், கத்தியை உள்ளே வைப்போம், பிளக்கைப் பிடுங்குவோம். எங்கள் வரிசையிலேயே ரேடியோக்கள் வெடித்திருக்கின்றன. ஒரு வீட்டில் டிவியோடு சேர்ந்து சுவரும் கருகியது. இன்று வரை எங்கள் ஆட்கள் யாரும் அதை யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும். நான் மண்டபத்தில் இறங்கி, அலுவலக அறையைத் திறந்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே வார்டுக்கு வெளியே நின்று கைப்பேசியில் பக்கத்தைத் திறந்தேன். ஓ நெகட்டிவ், ஈப்போ. பதில் உடனே வந்தது. 'மன்னிக்கவும். தற்போது கொடையாளர் எவரும் இல்லை.' பத்து காஜா என்று போட்டேன், கோப்பெங் என்று போட்டேன், கம்பார், தைப்பிங். ஒவ்வொரு முறையும் அதே மரியாதையோடு அதே வாக்கியம். ராட்னியைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, அவன் மாதா கோயிலில் பாடிக்கொண்டிருந்தான், எடுக்கவில்லை. தாதியிடம் போய், யாரும் இல்லையாம் என்று நானே சொன்னேன். விடியும் முன் விமலா போய்விட்டாள்.

கரண்டு இல்லாத பெட்டி பொய் சொல்லாது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அது பேசாமல் இருக்கும், அவ்வளவுதான். நான் செய்தது பெட்டியைப் பேசாமல் இருக்கச் செய்தது மட்டும்.

அதன் பிறகு எனக்கு நாட்கள் நீளமாக இருந்தன. சொல்லிக்கொடு என்று ராட்னியிடம் கேட்டேன். அவன் தயங்காமல் வந்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் கறிபாப் பலகாரப் பொட்டலத்தோடு நேரே மண்டபத்துக்கு வருவான். டேட்டாபேஸிடம் எப்படிக் கேட்பது, ஸ்கிரிப்டை எப்படி இணைப்பது, பாஸ்வர்டை எங்கே வைப்பது, எல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். என் வயதில் கற்பது சிரமம் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. இந்த மொழிகள் ஒழுங்கானவை. எழுதியதைத்தான் செய்யும்.

ஒருநாள் அவன் எழுதிய ஸ்கிரிப்டைத் தனியாக உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். நடுவில் ஒரு வரி இருந்தது. இணைக்க முயற்சி செய், இணைக்க முடியாமல் போனால் வெற்றுப் பட்டியலைக் கொடு. வெற்றுப் பட்டியல் வந்தால் பக்கம் என்ன சொல்லும் என்பது எனக்குத் தெரியும். துரையைப் பார்க்க முடியாமல் பாதி வழியில் திரும்பிய கங்காணி, துரை இல்லை என்றுவிட்டார் என்று லயத்தில் வந்து சொன்னதைப் போல.

அந்த ஞாயிறு ராட்னியிடம் கேட்டேன்.

"ராட்னி, பெட்டியில கரண்டு இல்லன்னா அந்தப் பக்கம் என்னா சொல்லும்?"

கறிபாப்பைக் கீழே வைத்தான். "ஆளு இல்லன்னு சொல்லும், அங்கிள்."

"ஆளு இருந்தாலுமா?"

"கேக்கவே முடியலல்ல அங்கிள். கேக்க முடியலன்னா… ஆமா. இல்லன்னுதான் சொல்லும்." பிறகு என்னைப் பார்த்து, "அன்னிக்கி இடி இடிச்சிச்சா?" என்று கேட்டான்.

"இடிச்சிச்சு. நான்தான் பிளக்கப் புடுங்குனேன்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "உங்க தப்பு இல்ல அங்கிள். நான் எழுதுனதுதான். நான் எழுதுனதுதான்."

நான் மறுக்கவில்லை.

அவன் போன பிறகு, விமலா இறந்த நாளுக்கு முன்பே பதிந்திருந்த ஓ நெகட்டிவ் ஆட்களை மட்டும் கொடு என்று டேட்டாபேஸைக் கேட்டேன். சிலர் வந்தார்கள். கிட்டத்தில் இருந்தவள் கோப்பெங்கில் ஒரு பாலர் பள்ளி ஆசிரியை, பெயர் வெண்டி. கார் எடுத்தால் அரை மணி நேரம். அவளைத் தொடர்பு கொண்டிருந்தால் வந்திருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பின்னால் அவளே சொன்னாள். "ஒரு போன் அடிச்சிருந்தா போதுமே அங்கிள், தூக்கத்துல இருந்தாக்கூட வந்திருப்பேனே." அதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது.

விமலாவின் நினைவு நாளில் மண்டபத்தில் இரத்த தான முகாம் வைத்தோம். வெண்டி வந்தாள். ராட்னி அவளுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தான். "சீனி பத்தல, கம்ப்யூட்டர்காரரே. இதையாச்சும் ஒழுங்கா பண்ணத் தெரியுமா?" என்றாள் அவள். அடுத்த ஆண்டு பத்து காஜாவில் அவர்களுக்குக் கல்யாணம். முதல் வரிசையில் பாஸ்கலின் இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். வெள்ளைக் கையுறைக்கு மேலே அவள் முழங்கையின் உட்புறத்தில் ஒரு நீல நரம்பு தெரிந்தது. பூசை முடியும் வரை நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விமலாவுக்கு வர வேண்டியிருந்தது அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அது இடம் மாறி நின்றுவிட்டதாக எனக்குப் பட்டது. கோபம் இல்லை. கணக்குச் சரியில்லை என்று தெரிந்தால் ஸ்டோரில் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

ராட்னி அந்த வரியைத் திருத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான் திருத்துகிறேன், கை பழகட்டும் என்றேன். திருத்தினேன். இணைப்புக் கிடைக்காவிட்டால் 'இணைக்க முடியவில்லை, சங்கத்தைக் கூப்பிடுங்கள்' என்று வரும்படி எழுதினேன். மண்டபத்துக் கணினியில் ஒரு நகல் வைத்து, அதில் ஓட்டிக் காட்டினேன். அவன் என் முதுகில் தட்டினான். "என்னைவிட நல்லா எழுதுறீங்க அங்கிள்." இரண்டு கணினிகளின் பாஸ்வர்டுகளையும் என்னிடம் ஒப்படைத்தான். நகலைக் கோலாலம்பூர்க் கணினியில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. நான் ஏற்றவில்லை. அப்போது எனக்கு எந்தத் திட்டமும் இல்லை, புவான். ஏற்றவில்லை, அவ்வளவுதான்.

வெண்டிக்கு முதல் கரு கலைந்தது. டாக்டர் விமலாவுக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னார். இரண்டாவது தங்கியது. வயிற்றோடு ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். நான் சமைத்த ரசத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"பயமா இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கு என்னா பயம் அங்கிள்? மத்த பொம்பளைங்க புருசன் கையப் புடிச்சிக்கிட்டுப் பெத்துப்பாங்க. நான் அவரு லேப்டாப்பப் புடிச்சிக்கிறேன்லா."

சிரித்தோம். அவள் சிரிக்கும்போது விமலாவைப் போல வாயை மூடிக்கொள்வாள்.

வெண்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று காலையில் ராட்னி செய்தி அனுப்பினான். 'ஜெபம் பண்ணிக்குங்க அங்கிள்.' நான் மண்டபத்துக்குப் போனேன். விமலாவின் படத்துக்கு விளக்கு ஏற்றினேன். பிறகு பெட்டியின் முன் உட்கார்ந்து டேட்டாபேஸின் பாஸ்வர்டை மாற்றினேன். அவ்வப்போது மாற்றுவது நல்ல பழக்கம் என்று ராட்னியே சொல்லிக்கொடுத்திருக்கிறான். மாற்றினால் உடனே ஸ்கிரிப்டிலும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி அதை உள்ளே விடாது என்றும் சொல்லியிருக்கிறான். அதை மறுநாள் செய்யலாம் என்று இருந்தேன். பெண்கள் பெரும்பாலும் நல்லபடியாகவே பெற்றெடுக்கிறார்கள். அவளும் அப்படிப் பெற்றிருந்தால் நான் செய்தது ஒன்றுமே இல்லை. யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

மதியம் தாண்டி ராட்னி கூப்பிட்டான். பிள்ளை பிறந்துவிட்டது, பெண், நலம். ஆனால் வெண்டிக்கு இரத்தம் நிற்கவில்லை.

"பக்கத்துல தேடுறேன் அங்கிள், ஒருத்தரும் இல்லைங்குது. எப்பிடி இல்லாமப் போவும்? நாமதானே பதிஞ்சோம்."

"பதிஞ்சவங்கள்ல கொஞ்சப் பேரு போன மாசம்தானே குடுத்தாங்க தம்பி. மூணு மாசம் ஆவாம அவங்களப் பக்கம் காட்டாதுல்ல."

"மத்தவங்க? இடி கிடி இடிக்குதா? பிளக்கு…"

"இல்லப்பா. நல்லா வெயில் அடிக்குது. பச்ச வெளக்கு எரியுது."

"இணைப்பு போயிருந்தா போயிருச்சின்னு சொல்லும்ல? நீங்க திருத்துனீங்கல்ல?"

"திருத்துனேன்."

"அப்ப நெஜமாவே இல்லயா? அங்கிள், நீங்களும் ஒரு வாட்டிப் பாருங்க. ப்ளீஸ். அவசரத்துல எதையாச்சும் தப்பா அமுக்குறனோ என்னமோ."

என் கைப்பேசியில் பக்கத்தைத் திறந்தேன். ஓ நெகட்டிவ், ஈப்போ. வந்ததை அவனுக்குப் படித்துக் காட்டினேன். "மன்னிக்கவும். தற்போது கொடையாளர் எவரும் இல்லை." ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. திரையில் இருந்ததைத்தான் படித்தேன். பொய் சொன்னேன் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அதை மட்டும் மாற்றிவிடுங்கள்.

பின்னால் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "சரி அங்கிள். பாத்ததுக்கு நன்றி," என்றான்.

நான் மண்டபத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பெட்டியில் அந்தப் பெயர்கள் அப்படியே இருந்தன. கூப்பிட்டிருந்தால் வரக்கூடியவர்கள், விமலாவுக்குப் பின் பதிந்தவர்கள், ஜெலாப்பாங்கில் இருந்தார்கள், தாசேக்கில் இருந்தார்கள். ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவிலேயே கார் கழுவும் கடை வைத்திருப்பவர். எண்கள் என் கண் முன்னால் இருந்தன. வேறு மாநிலத்திலிருந்து இரத்தம் புறப்பட்டுவிட்டதாக ராட்னி செய்தி அனுப்பினான். வந்துசேர்ந்தது. பயன்படவில்லை.

அதே மதியம் தைப்பிங்கிலிருந்தும் ஒருவர் தேடியிருக்கிறார் என்று பெட்டியின் பதிவிலிருந்து காட்டினீர்கள். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவர் வீட்டில் என்ன ஆயிற்று என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவருக்கு நான் எதுவும் செய்யவில்லை.

பிள்ளைக்குப் பெட்ரீசியா விமலா என்று பெயர் வைத்தான். அடக்கத்தின்போது என்னைக் கட்டிக்கொண்டு, "இப்பத்தான் அங்கிள் நீங்க பட்டது எனக்குத் தெரியுது," என்றான். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. உண்மையில், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் என்று அப்போது பட்டது. அவனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வெண்டி மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

பெட்டிகளுக்கு ஒரு குணம் உண்டு. யாரை உள்ளே விடவில்லை என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளும். ராட்னி சில வாரம் கழித்து மண்டபத்துக்கு வந்து அந்தப் பதிவைப் பார்த்திருக்கிறான். பிறகு என் வீட்டுக்கு வந்தான். கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றான். வா என்றேன், வரவில்லை.

"அங்கிள், அன்னிக்கிப் பெட்டி பேசியிருக்கு. நான் தேடுன ஒவ்வொரு வாட்டியும் பாஸ்வர்ட் தப்பு, பாஸ்வர்ட் தப்புன்னு சொல்லியிருக்கு. எனக்குத்தான் கேக்கல."

"ஆமாப்பா."

"திருத்திட்டேன்னு சொன்னீங்களே."

"திருத்துனேன். ஏத்தல."

அவன் என்னைத் திட்டவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே நடந்து போனான். மறுநாள் நானே உங்களிடம் வந்தேன். அவன் அனுப்பி வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆக, நான் செய்தேன். தெரிந்தே செய்தேன். வெண்டி பிழைத்திருக்கக்கூடும். அதைத் தடுத்தது நான்.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. அந்த வரியை ஏன் அப்படி எழுதினாய் என்று ராட்னியைக் கேட்டீர்களாம். என் சோம்பேறித்தனம் என்று சொன்னானாம். அது உண்மையில்லை. வாக்குமூலத்தில் உண்மை அல்லாதது இருக்கக் கூடாது.

பக்கத்தைத் தொடங்கி வைத்த நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. பெரிய மனிதர்கள் மாலையோடு மேடையில் இருந்தார்கள். வரவேற்புரை என்னுடையது. திரையில் தேடிக் காட்டியபோது இணைப்புக் கிடைக்கவில்லை. சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதேதோ திரை முழுவதும் ஓடியது. முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். ராட்னி நிமிடத்தில் சரி செய்துவிட்டான். ஆனால் என் முகம் எரிந்தது. விழா முடிந்ததும் அவனை மேடைக்குப் பின்னால் அழைத்தேன். இனி என்ன ஆனாலும் அந்தச் சிவப்பு திரையில் வரக் கூடாது என்றேன். இணைப்பு இல்லாவிட்டாலும் நல்ல தமிழில், அடக்கமாக, ஒரு வாக்கியம் வரட்டும் என்றேன். அழைப்பிதழின் பின்புறத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். மன்னிக்கவும், தற்போது கொடையாளர் எவரும் இல்லை.

"இது பொய்யாயிடுமே அங்கிள்," என்றான்.

"செயலாளர் நானா, நீயா?" என்றேன்.

அவன் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். விமலா அப்போது கதவருகில் நின்று, நேரமாகிறது வாருங்கள் என்று கையசைத்தாள்.

ஆனால் புவான், நான் எழுதியது அழைப்பிதழில்தான். அதை எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்தது அவன். இதையும் சேர்த்துப் படித்துப் பார்த்தால், தொடங்கியது யார் என்பது உங்களுக்கே விளங்கும்.